பத்து நிமிடம் நிறுத்தி வைத்த இன்ஜின்

ராசிபுரத்தைத் தாண்டி வெண்ணந்தூர்ச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்பேன். சவ்வரிசி ஆலையின் புளித்த வாடை இன்னும் சட்டையை விட்டுப் போகவில்லை. மாவுத் தொட்டித் தண்ணீரில் ஐந்து மாதம் நின்றதில் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. அந்தக் காலோடு நடக்க ஒரு வழி இருக்கிறது. குதிகாலை ஊன்றி, விரல்களைச் செருப்பில் படாமல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்களுக்கு வாத்து நடை போலத் தெரியும். வலி பாதியாகும்.

மரவள்ளிக் கிழங்கு வரத்து குறைந்ததும் ஆலையில் பாதி ஆட்களை நிறுத்தினார்கள். நான் நிறுத்தப்படாத பாதியில் இருந்தேன். இருந்தும் கிளம்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எட்டாம் வகுப்பை அரையாண்டோடு விட்டதற்கும் என்னிடம் வேறு காரணம் இல்லை. மேட்டூர் அணையில் வலை இழுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தொட்டியில் கூட நின்றவன் சொல்லியிருந்தான். அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

வெண்ணந்தூருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், புளியமரத்துக்குக் கீழே ஒரு கார் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பழைய காலத்துக் கல்யாணப் படங்களில் ஓரமாக நிற்குமே, அந்தக் குண்டு முகக் கார். பாலாடை நிறத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று பேர். வெள்ளை வேட்டி கட்டிய அறுபது வயதுக்காரர் ஒருவர், கார் அவருடையது என்பது அவர் அதைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது. அவரைவிடப் பத்து வயது குறைந்த, விரல் நிறைய மோதிரம் போட்ட இன்னொருவர், அவருடைய மச்சான். மூன்றாவது ஆள் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"ஆயில் லைட்டுதான எரியுது? வண்டி ஓடுதல்ல? கடை வரைக்கும் ஓட்டீட்டே போயிர்லாம்" என்றார் மச்சான்.

"வேண்டாமுங்க" என்றாள் அவள், தலையை வெளியே எடுக்காமலே. "ஆயில் போகாம ஓடற ஒவ்வொரு சுத்தும் பேரிங்கைத் திங்கும்."

"ஆயில் இல்லீன்னு யாரு சொன்னா? குச்சியப் புடுங்கிப் பாரு அம்மிணி, முட்ட இருக்குது."

"இருக்குதுங்க. கீழ இருக்குது. மேல போகுதான்னுதான் தெரியலீங்க."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ இந்த இன்ஜினை அவுத்து வேலை பாத்து ரெண்டு மாசந்தான் ஆச்சு. வெள்ளிக்கிழமை குலசாமி கோயல்ல நோம்பி, ஊட்டுல அத்தனை பேரும் கெளம்பறம். இன்னைக்குப் பொழுதோட சரி பண்ணு. இல்லீன்னா நாளைக்குக் காத்தால சேலத்துக்கு ஏத்தி உட்டுருவேன். அங்க அவுத்துப் பாத்தா யாரு கை என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சு போகும்."

அவள் "சரிங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆயில் அளவு பார்க்கிற குச்சியைத் திரும்பச் செருகும்போது முதல் தடவை துளையில் போகவில்லை, இரண்டாம் தடவைதான் போனது.

நான் தாண்டி நடந்தேன். "ஏனுங்ணா" என்று கூப்பிட்டாள். "அவசரமாப் போறீங்களா? கடை வரைக்கும் ஒரு கை குடுங்க. இவிய ரெண்டு பேரும் தள்ளுனா வண்டி நாளானைக்குத்தான் போய்ச் சேரும்."

அவசரம் என்று என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. பையைப் பின் சீட்டில் எறிந்துவிட்டுத் தள்ளினேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். தள்ளுகிற பாவனையில் வண்டியைத் தொட்டுக்கொண்டு வந்த மச்சானிடமிருந்து எல்லாம் தெரிந்துகொண்டேன். பெரியவருக்கு ஊரில் பன்னிரண்டு விசைத்தறி. மச்சானுக்குத் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி இரண்டு. இந்தப் பெண் திருச்செங்கோட்டில் லேத் பட்டறையில் வேலை பழகி, வெண்ணந்தூருக்கு வாழ வந்தவள். புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். பம்ப்செட், பைக் என்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம் பெரியவர்தான் முதலில் ஒரு காரைக் கொடுத்தார். இந்தக் கார் ஊரைச் சுற்றி ஓடியதைப் பார்த்துத்தான் ஒரு பால் வேனும் ஒரு ஜீப்பும் ஒரு மினி லாரியும் அவளிடம் இன்ஜின் வேலைக்கு வந்தன.

"இப்ப இதே நடுரோட்டுல நிக்குது" என்றார் மச்சான். "பொம்பள கை பட்ட இன்ஜினுன்னு சொல்றதுக்கு நாலு பேரு காத்துக் கெடக்கறான். நான் சொல்லல. சொல்றாங்க."

"நீங்களும்தான் சொன்னீங்க, டீக்கடைல" என்றாள் அவள் முன்பக்கத்திலிருந்து.

"அது வெளையாட்டுக்கு அம்மிணி."

கடை என்பது தகரக் கொட்டகை. மூன்று பக்கம் தடுப்பு, ஒரு பக்கம் திறப்பு. பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதில் கரித்துண்டால் எழுதிய எழுத்துகள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் இரண்டு மூன்று வரி. இந்தக் காரின் கட்டத்தில் 'ஆயில் மேல வர நாப்பது சுத்து' என்று இருந்தது. இரண்டு மாதம் முன்பு இன்ஜினை மூடிய அன்று எழுதியது.

அவள் வேலை செய்த முறையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. வடக்கே ரிக் வண்டியில் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். அங்கே இன்ஜின் முனகினால் மேஸ்திரி முதலில் பெரிய சாமானைத்தான் அவிழ்ப்பார். பெரியதை அவிழ்த்தால்தான் வேலை பார்த்தது போல இருக்கும். இவள் சின்னதிலிருந்து ஆரம்பித்தாள். ஆயிலைக் குச்சியிலிருந்து விரலில் தொட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள். பெட்ரோல் கலந்து நீர்த்திருக்கிறதா என்று பார்த்தாளாம். இல்லை. ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிபடாமல் இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு ஆயில் விளக்குக்குப் போகிற சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் செம்புக் குழாய் வைத்த ஒரு மீட்டரை முடுக்கினாள்.

"லைட்டு பொய் சொல்லலாமுங்க. மீட்டரு கொஞ்சம் கம்மியாப் பொய் சொல்லும்" என்றாள்.

ஒரு நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட விட்டாள். முள் இருபதுக்கு வந்தது, தயங்கியது, பத்துக்கு இறங்கியது. உடனே நிறுத்தினாள். விளக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கரித்துண்டை எடுத்துச் சுவரில் 'மீட்டர் பத்து' என்று எழுதினாள்.

"பேரிங் தேஞ்சு போச்சு. அதையும் எழுதிக்க" என்றார் மச்சான்.

"செவுத்துல பாத்ததை மட்டுந்தாங்க எழுதறது."

அடுத்து ப்ளக் நாலையும் கழற்றி, இன்ஜின் தலை மேலிருந்த தகர மூடியை எடுத்தாள். உள்ளே வரிசையாக, மேலும் கீழும் ஆடும் ராக்கர் கைகள். ஆயில் கீழிருந்து ஏறி வந்து அங்கே கசிந்து வழிய வேண்டும். என்னிடம் முன்பக்கம் போட்டுச் சுற்றும் இரும்பு ஹேண்டிலைக் கொடுத்தாள். நான் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்தேன். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, "ப்ளக்கைக் கழட்டியாச்சு, ஒதைக்காதுங்ணா. இருந்தாலும் பழக்கம் நல்ல பழக்கந்தான்" என்றாள்.

சுற்றினேன். அவள் குனிந்து ராக்கரைப் பார்த்தபடி எண்ணினாள். நாற்பதில் ஒன்றுமில்லை. அறுபதில் எனக்கு மூச்சு வாங்கியது. எழுபத்தெட்டில் "நிறுத்துங்க" என்றாள். ஒரே ஒரு துளி எட்டிப் பார்த்திருந்தது. சுவரில் நாற்பதுக்குக் கீழே எழுபத்தெட்டு என்று எழுதினாள்.

மச்சான் அருகே வந்து ரகசியம் போலச் சொன்னார்: "இதா பாரு, நான் ஒரு ரோசனை சொல்றேன். சைடுல அந்த வால்வு இருக்குதல்ல, அதுல ஸ்பிரிங்குக்குப் பின்னால ரெண்டு வாசர் வெச்சு முடுக்கு. முள்ளு தானா ஏறும். அவிய கோயலுக்குப் போயிட்டு வந்துரட்டும். பொறவு பாத்துக்கலாம்."

"முள்ளு ஏறுமுங்க. ஆயில் ஏறாது. காச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஐஸுல வெக்கறாப்பல."

ஆனால் அந்த வால்வை அவள் கழற்றத்தான் செய்தாள். இன்ஜினின் பக்கவாட்டில் குமிழ் போன்ற ஒரு நட்டு, அதற்குள் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் சிறிய கிண்ணம். ஆயில் அழுத்தம் மிதமிஞ்சினால் திறந்து, அதிகப்படியைக் கீழே விடுகிற கதவு அது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் முடி போல ஒன்று ஒட்டியிருந்தது. ஊசி முனையால் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஆயிலில் ஊறிக் கருத்துப்போன ஏதோ நார். அது கதவிடுக்கில் கிடந்ததால் கதவு எப்போதும் மயிரிழை திறந்தே இருந்திருக்கிறது.

துடைத்து மாட்டி இன்ஜினை ஓட்டியபோது முள் ஐம்பதுக்கு எகிறியது. மச்சான் கைதட்டினார். பெரியவர் முகம் காலையிலிருந்து முதல் தடவையாகத் தளர்ந்தது. சாவியை வாங்கக் கையை நீட்டினார்.

என் கணக்கில் வேலை அங்கே முடிந்துவிட்டது. யாருடைய கணக்கிலும் முடிந்திருக்கும். அவள் சாவியைக் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டுமுங்க. நாரு ஒண்ணு மட்டும் தனியா வராது."

"சரியாப் போனதைச் சரியில்லீங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் பெரியவர். ஆனாலும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மீட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கால் மணி நேரத்தில் ஐம்பது நாற்பதானது. அரை மணியில் முப்பது. பிறகு இருபத்திரண்டு. பெரியவர் எழுந்து நின்று பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். பன்னிரண்டு வந்தபோது அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"தேஞ்ச பேரிங்குதான். சூடாகச் சூடாக ஆயில் எளகி ஓடுது" என்றார் மச்சான். இதில் நியாயம் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படியானால் அவள் போட்ட பேரிங், அவள் வைத்த அளவு, எல்லாம் தப்பு. சேலம்தான்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் அப்படியே நின்றாள். அந்தப் பத்து நிமிடமும் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு அவள் வண்டிக்கு அடியில் கையை விட்டு, ஆயில் தொட்டியின் அடியைப் புறங்கையால் தொட்டாள். 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள். இன்னும் கொதிக்கிறது. சாவியைத் திருப்பினாள்.

முள் நாற்பத்தைந்தில் போய் நின்றது.

அவள் திரும்பிய முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சிரிப்பு இல்லை. வழி தெரிந்துவிட்ட முகம்.

"சூடு அப்படியேதானுங்க இருக்குது. தேஞ்ச பேரிங்கு பத்து நிமிஷம் ஓய்வெடுத்தா வளந்துருமா? வளராது. கீழ ஜல்லடைல எதையோ ஆயிலோட சேத்து உறிஞ்சி இழுக்குது. ஓட ஓட அடைக்குது. நிறுத்துனா அது உட்டு உளுந்துருது. பொறவு மறுபடி இழுக்குது." பக்கத்துக் குழாயடியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள். "சம்ப்பை எறக்கோணும்."

சம்ப்பு என்பது இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டி. ஆயில் பம்பின் வாயும், அதை மூடிய கம்பி வலையும் அதற்குள் மூழ்கியிருக்கும். அதை இறக்க வண்டியைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் இரண்டு பேர் படுக்க வேண்டும். அவளிடம் ஆள் கிடையாது. பெரியவர் அடியில் படுக்கமாட்டார். மச்சானின் வயிறு படுக்க விடாது. "நான் படுக்கறேன்" என்றேன்.

முதலில் ஆயிலை அகலமான தட்டில் வடித்தோம். தட்டை வெயிலுக்குத் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பேரிங் அரைபட்டிருந்தால் மீன் செதில் மாதிரி மினுங்குமாம். மினுங்கவில்லை. ஆனால் மறுபடி முகர்ந்தாள். விரலில் எடுத்து இழுத்தாள். காலையில் பிடிபடாதது இப்போது பிடிபட்டது.

"இதுல ரெண்டு ஆயில் இருக்குதுங்க. நான் ஊத்துனது ஒண்ணு. இன்னொண்ணு கெட்டியா இருக்குது. லாரி ஆயில் வாசம்."

மச்சான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் பெரியவர்.

"ஒரு லிட்டருதான் மாமா. போன வாரம் லைட்டு மினுக்குனப்ப. ரிக் பேரல்ல இருந்து. கெட்டி ஆயில்னா பிரஷர் நிக்குமேன்னு..."

"என்ற வண்டி என்ன உன்ற ரிக்காடா?"

அங்கிருந்து பெரியவர் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷக் கதையெல்லாம் வந்தது. ஒரு கல்யாணத்தில் மச்சான் ஜெனரேட்டரைக் கெடுத்தது, கிணற்று மோட்டாரில் கை வைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டுகளைக் கழற்றினோம். இருபதுக்கு மேல் இருந்தன. கடைசி இரண்டை அவள் கழற்ற, நான் சம்ப்பை உள்ளங்கையில் தாங்கி மார்பு மேல் இறக்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. ஆலைத் தொட்டியில் கால் வெந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ச்சை மேலே அடித்தாள். கம்பி வலை தெரியவில்லை. வலை இருக்க வேண்டிய இடத்தில் காக்காய்க் கூடு மாதிரி ஒரு பந்து. விரலால் பிய்த்து எடுத்தாள். கட்டைவிரலால் ஆயிலை வழித்துவிட்டாள். கருப்புக்கு அடியிலிருந்து பச்சையும் அரக்கும் வந்தது.

நூல்.

வெண்ணந்தூரில் தெருவுக்குத் தெரு தறி ஓடுகிறது. தறிப் பட்டறைகளில் அறுந்து விழுகிற கழிவு நூல் மூட்டை மூட்டையாகச் சேரும். வேறு ஊர்ப் பட்டறைக்காரர்கள் கை துடைக்கவும் சாமான் துடைக்கவும் திருப்பூர் பனியன் துணிக் கழிவை வாங்குவார்கள். இந்த ஊரில் கழிவு நூலை அள்ளிக்கொண்டு வந்து துடைப்பார்கள். எண்ணெய் நன்றாக உறிஞ்சும். கொட்டகை மூலையில் அப்படி ஒரு மூட்டை கிடந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பச்சையும் அரக்குமாக, துண்டுக் கரைக்கு ஓட்டுகிற நூல். அதை வைத்துத்தான் இரண்டு மாதம் முன்பு அவள் இந்த இன்ஜினின் வயிற்றைத் துடைத்திருக்கிறாள். இன்ஜினின் உட்புறம் வார்த்த இரும்பு, அம்மிக்கல் போலச் சொரசொரப்பு. ஒவ்வொரு துடைப்புக்கும் கொஞ்சம் நாரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. சூட்டு ஆயில் அதையெல்லாம் கழுவிக் கீழே கொண்டு வந்து சேர்த்திருக்கிறது.

இதெல்லாம் அவள் சொல்லவில்லை. அந்தப் பந்தைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தாள். வெளியே பெரியவரின் குரல்: "உன்ற ரிக் ஆயில்தான்டா எல்லாத்தையும் கெடுத்துருச்சு! அந்தப் புள்ளையப் போயி நான் பேசுனேன் பாரு!"

மச்சான் மறுக்கவே இல்லை. "தப்புதான் மாமா, தப்புதான்" என்றார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அந்த நூலைப் பார்த்திருந்தோம். அவள் சட்டைப் பைக்குள் அது சுலபமாகப் போயிருக்கும். நான் நாளைக்கு மேட்டூரில் இருப்பேன். நானாக இருந்தால் பைக்குள் போட்டிருப்பேன். ஆலையில் ஒருமுறை இரவு முழுக்கத் தண்ணீர் வால்வைத் திறந்து போட்டது நான். திட்டு வாங்கியது வேறு ஒருவன். அவன் வாங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பீடி குடித்தேன். அந்த மாதிரி ஆள்தான் அப்போது அவள் பக்கத்தில் படுத்திருந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குதிகாலை உந்தி வெளியே நகர்ந்தாள். எழுந்து நேராகச் சுவருக்குப் போய்க் கரித்துண்டை எடுத்து எழுதினாள்: 'ஜல்லடைல நூல். என் கை.' அதன் பிறகுதான் திரும்பினாள்.

"அவரைத் திட்டாதீங்க. அவரு ஊத்துனது தப்புதான், ஆனா அடைச்சது அது இல்லீங்க. நான் நூலுல தொடச்சேன்."

பந்தைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பிரித்தார். தறிக்காரர் அல்லவா, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு திருகினார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ற பட்டறை நூலு."

"ஆமாங்க. நீங்கதான் எடுத்துக்கச் சொன்னீங்க. தொடைக்கறதுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு ரோசிச்சிருக்க வேண்டியது நானு."

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். மச்சான் அவர் பின்னால் பத்தடி போய்விட்டு, திரும்பி வந்து அவளிடம் மெல்லச் சொன்னார்: "நான்தான் ஒத்துக்கிட்டனே அம்மிணி. பேசாம இருந்திருக்கலாமல்ல?"

"உங்களுக்கு இதுக்கு மேலயும் திட்டு வேணுமாக்கும்?"

அவள் வலையை மண்ணெண்ணெயில் கழுவினாள். டிபன் பாக்ஸில் இருந்த புளிச்சோற்றில் பாதியை மூடியில் போட்டு என்னிடம் தள்ளினாள். சாப்பிட்டோம்.

பெரியவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். டீக்கடைக்குப் போயிருந்தார் போல. கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்: "எத்தனை மூட்டை நூலு எடுத்துட்டு வந்த?"

"ரெண்டுங்க."

"அதுல எத்தனை இன்ஜின் தொடச்ச?"

அவள் சுவரைப் பார்த்தாள். "உங்களோடது. பால் வேனு. ஜீப்பு. மினி லாரி."

"அதெல்லாம் ஓடுதா?"

"ஓடுதுங்க. இதும் போன வாரம் வரைக்கும் ஓடுச்சல்லங்க."

"சொல்லப் போறியா?"

"சொல்லோணுமுங்க. பேரிங் புடிச்சுப் போனா நடுரோட்டுல நிக்கறது அவியதான்."

"சொன்னா ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டான்." பிறகு காரைப் பார்த்தார். "நான் சேலத்துக்கு ஏத்தி உட்டிருந்தா அங்கத்த மெக்கானிக்கு என்ன சொல்லியிருப்பான் தெரியுமா? பேரிங் போச்சு, கிராங்கு போச்சு, எல்லாம் புதுசு போடோணும்ன்னிருப்பான். நூலைக் கண்ணுலயே காட்டியிருக்கமாட்டான்." எழுந்தார். "மூடு வண்டிய. வெள்ளிக்கிழமை இதுலதான் போறோம். நீயும் பின் சீட்டுல ஏறிக்க. நடுவுல நின்னா நீயே தள்ளு."

"தள்ளறனுங்க. ஆனா உங்க மச்சானை முன்னாடி உக்கார வெக்காதீங்க, வெயிட்டு தாங்காது."

மச்சான்தான் முதலில் சிரித்தார்.

இன்ஜினின் வயிற்றை அன்று மாலை விரலால், பிறகு பிரஷ்ஷால், பிறகு பழைய வேட்டித் துணியால் மூன்று முறை சுத்தம் செய்தோம். நார் இருக்கிறதா என்று அவள் விரல் நுனியை வைத்து இஞ்சு இஞ்சாகத் தடவிப் பார்த்ததில் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. புது ஆயில் ஊற்றி நான் ஹேண்டிலைச் சுற்றினேன். முப்பத்தெட்டாவது சுற்றில் ராக்கரில் ஆயில் பூத்தது. பெரியவர் பின்னால் நின்று அவரும் எண்ணியிருக்கிறார். "முப்பத்தெட்டு" என்று அவள் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார். ஒரு மணி நேரம் ஓடவிட்டும் முள் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

அவர்கள் போனதும் அவள் மூன்று பேருக்கும் போன் செய்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள், குறைக்கவும் இல்லை கூட்டவும் இல்லை. ஜீப்காரர் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன், இனி வரமாட்டேன் என்று வைத்துவிட்டார். மினி லாரிக்காரர் தம்மம்பட்டிக்கு லோடு போயிருந்தார், யோசிக்கிறேன் என்றார். பால் வேன்காரர் சத்தம் போட்டார், ஆனால் காலையில் பால் இறக்கிவிட்டு வருகிறேன் என்றார்.

"மேட்டூருக்கு நாளைக்கே போகோணுமாங்ணா?" என்று கேட்டாள்.

"அணை எங்கயும் போயிராது" என்றேன். கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன்.

காலை எட்டரைக்குப் பால் வேன் வந்தது. வேன்காரர் இறங்கும்போதே ஆரம்பித்தார்: "ஓடற வண்டிய எதுக்கும்மா அவுக்கறது? உனக்கு வேற சோலி இல்லியா?" அவள் சாவியை வாங்கிக்கொண்டு அவரை டீக்கடைக்கு அனுப்பினாள். வேனைத் தூக்கி முட்டுக் கொடுத்தோம். நான் அடியில் போய் மல்லாந்து படுத்தேன். ஆலையில் வெந்த விரலிடுக்குகளில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேப்பெண்ணெய் எரிந்தது. ஆயிலை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, சம்ப்பை உள்ளங்கையில் தாங்கி இறக்கினேன். அவள் பக்கத்தில் குனிந்து டார்ச்சை அடித்தாள். வலையின் ஒரு ஓரத்தில் பச்சையாக இரண்டு இழை, அதன் மேல் படியத் தொடங்கிய கொஞ்சம் பஞ்சு.

நான் விரலை நீட்டினேன்.

"தொடாதீங்ணா. தொடைக்காதீங்க" என்றாள். "அவரு மொதல்ல பாக்கட்டும்."

எழுந்து, டீக்கடைப் பக்கம் அவரைக் கூப்பிடப் போனாள். முழங்கை வழியாக ஆயில் சொட்ட, சம்ப்பை மார்பு மேல் வைத்துக்கொண்டு நான் அப்படியே கிடந்தேன்.